இன்னைக்கு மட்டும்

"டீச்சர், நான் வேலைய விட்டுரலாம்னு இருக்கேன்."

ஜெபராணி டீச்சர் கம்ப்யூட்டர் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"குடை கொண்டாந்தியளா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

பரஞ்சோதி யோசித்தார். குடை என்றால் என்ன? பாதுகாப்பா? அப்படியானால் மழை என்பது எது? தன்னிடம் குடை இல்லை என்பது டீச்சருக்கு எப்படித் தெரிந்தது?

"இல்ல டீச்சர்," என்றார்.

"அப்ப சாரல் விட்ட பொறவு போங்க. இப்ப உக்காருங்க."

பரஞ்சோதி உட்கார்ந்தார்.

குரு என்றால் தாடி வேண்டும், சீடனைவிட நாலு வயதாவது கூட இருக்க வேண்டும். இங்கே இரண்டுக்கும் வழியில்லை. ஜெபராணிக்கு வயது முப்பத்து நான்கு. பரஞ்சோதிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தென்காசியில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில், கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் இணையதளம் செய்து கொடுக்கிற சின்ன ஆபீஸ் அது. முதலாளி ஜெபராணி. கொஞ்ச காலம் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர் என்பதால் ஊருக்கே டீச்சர்.

அனுபவம் என்று பார்த்தால் பரஞ்சோதிக்குத்தான் அதிகம். சென்னையில் பெரிய பெரிய கம்பெனிகளில் கொட்டை போட்டவர். ஆனாலும் கம்ப்யூட்டருக்கு எழுதுகிற கோட் எங்கேயாவது சிக்கிக்கொண்டால் டீச்சரிடம்தான் போவார். டீச்சர் நேராகப் பதில் சொல்ல மாட்டார். சம்பந்தமே இல்லாமல் எதையாவது சொல்வார், எதையாவது செய்யச் சொல்வார். செய்து முடிப்பதற்குள் சிக்கல் அவிழ்ந்திருக்கும்.

அப்படிச் சில தடவை அவிழ்ந்ததில் மனிதர் கெட்டுப்போனார். டீச்சர் "ஃபேன அமத்துங்க" என்று சொன்னால்கூட அதில் ஏதோ இருக்கிறது என்று ராத்திரி வரைக்கும் யோசிப்பார்.

"என்ன விசயம்? சொல்லுங்க," என்றார் டீச்சர்.

"நான் மூணு நாள் எழுதுதத அது டீ ஆறுததுக்குள்ள எழுதிருது."

"எது?"

"அதான், தம்பி."

உலகம் முழுக்க ஏஐ என்று சொல்வதை அந்த ஆபீஸில் தம்பி என்பார்கள். டீச்சர் வைத்த பெயர். புதிதாக வேலைக்குச் சேர்ந்த படிப்பாளிப் பையன் மாதிரி, சொன்னதைச் செய்யும், சொல்லாததையும் சேர்த்துச் செய்யும், எதற்கும் முகம் சுளிக்காது. அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"வேகமா எழுதுனா நல்லதுதான. மிச்ச நேரத்துல நீங்க என்ன செஞ்சிய?"

"பயந்துபோயி உக்காந்திருந்தேன்."

டீச்சர் அப்போதுதான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"இதுக்கு முன்னாடியும் எத்தனையோ புதுசு வந்துச்சு டீச்சர். இனிமே எல்லாம் போன்லதான் பாப்பாங்கன்னாங்க. படிச்சேன். பழைய முறையெல்லாம் தூக்கிப் போடுன்னாங்க. அதையும் போட்டுட்டுப் புதுசப் படிச்சேன். வந்ததெல்லாம் நான் படிக்க வேண்டியதா இருந்துச்சு. இது என்னையப் படிச்சிட்டுல்லா வந்திருக்கு."

"எங்க போப்போறிய?"

"ராசபாளையத்துல மச்சினன் பெயின்ட் கட வச்சிருக்கான். வந்து கல்லாவுல உக்காருங்க அத்தான், எனக்கும் ஒத்தாசயா இருக்கும்னு கூப்பிடுதான்."

"பெயின்ட் பிடிக்குமா ஒங்களுக்கு?"

"அந்த வாசனையே ஆகாது."

கீழே சைக்கிள் கடையில் யாரோ மணியை அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பரஞ்சோதிக்கு இந்தத் தொழில் என்றால் உயிர். வெறும் திரையில் நாலு வரி எழுதினால், முகம் தெரியாத யாரோ ஒருவர் எங்கோ ஓர் ஊரில் தன் போனைத் தட்டி டிக்கெட் எடுக்கிறார், மார்க் பார்க்கிறார், மருந்து வாங்குகிறார். இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஆச்சரியம் அவருக்குத் தீரவில்லை. அதை விட்டுவிட்டு பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார அவருக்கு மனசில்லை.

"இனிமே நான் எதுக்கு டீச்சர்? அது ஒண்ணுதான் கேக்கேன். அத மட்டும் சொல்லுங்க."

டீச்சர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். சாரல் வலுத்திருந்தது.

"டயாலிசிஸ் ஆஸ்பத்திரி வேல பாக்கி கெடக்கு," என்றார். "அத முடிச்சிட்டுப் போங்க."

*

ஊருக்கு வெளியே இருக்கிற ஆஸ்பத்திரி அது. சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வந்தாக வேண்டும். படுக்கைகள் கொஞ்சம், ஆட்கள் அதிகம். அதனால் முன்கூட்டியே போனில் பதிவு செய்துகொண்டு வருவார்கள். இந்த ஆபீஸிலேயே பல கை பட்டுச் செய்த அந்தப் பதிவுப் பக்கம் பழசாகிவிட்டது, புதிதாகச் செய்து கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள்.

பரஞ்சோதி தன் இடத்தில் உட்கார்ந்து, பழைய கோட் முழுவதையும் தம்பியிடம் கொடுத்தார்.

டீ வந்தது. டீ ஆறவில்லை. வேலை முடிந்துவிட்டது.

குடித்துவிட்டு டீச்சரிடம் போனார். நடையிலேயே கோபம் தெரிந்தது.

"முடிஞ்சிட்டு. பாத்துக்கிடுங்க. இதுல நான் ஒத்த வார்த்த எழுதல."

டீச்சர் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தார்.

"நல்லா செஞ்சிருக்கான்," என்றார்.

பரஞ்சோதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எழுத்தெல்லாம் பெருசா வச்சிருக்கான். வயசானவுக படிக்கலாம்."

"ம்."

"இதெல்லாம் நான் எழுதியிருந்தா பிழை விட்டிருப்பேன்."

ஒவ்வொரு பாராட்டும் ராஜபாளையம் பஸ்ஸில் அவரை ஏற்றிவிடுவது போல இருந்தது. நல்லாத்தான் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

டீச்சரின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"பழசுல இங்க ஒரு வரி இருந்திருக்கே. எங்க?"

"தம்பி எடுத்துட்டான்."

"ஏன்?"

பரஞ்சோதிக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்தது. அடுத்தவன் எழுதிய கோடைத் திட்டுவதில் இருக்கிற சுகம் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு வேறு எதிலும் கிடைக்காது.

"கொடுமயக் கேளுங்க டீச்சர். ஒரு போன் நம்பருக்கு ஒரு நோயாளிதான். அது ஆஸ்பத்திரி போட்ட சட்டம். இல்லன்னா ஒரே ஆளு நாலு பேரு பேருல படுக்கையப் பிடிச்சு வச்சிருவான்லா? சரியான சட்டம். அதுக்கு நடுவுல எவனோ ஒரு போன் நம்பர எழுதி, இந்த நம்பருக்கு மட்டும் இந்தச் சட்டம் கெடையாதுன்னு போட்டு வச்சிருக்கான்."

கோடுக்குள் ஒரு தனி ஆளின் போன் நம்பரை நேராக எழுதி வைப்பது அவர்கள் தொழிலில் மானக்கேடு. அச்சடித்த கல்யாணப் பத்திரிகையில் பேனாவால் அடித்துத் திருத்துவது மாதிரி. செய்கிறவர்கள் உண்டு. செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறவர்கள் கிடையாது.

"அதுக்கு மேல ஒரு குறிப்பு வேற," என்றார் பரஞ்சோதி. "'இன்னைக்கு மட்டும். நாளைக்கு எடுத்துரணும்.' எந்தக் கூமுட்ட எழுதுனான்னு தெரியல. நாளைக்குன்னா எந்த நாளைக்கு? தேதிகூடப் போடல. தம்பி அதப் பாத்துட்டு, எழுதுனவரே தற்காலிகம்னு சொல்லியிருக்காரு, எடுத்துருதேன்னு எடுத்துட்டான். அவன் செஞ்சது சரி. நானா இருந்தாலும் எடுத்திருப்பேன்."

"சரிதான்," என்றார் டீச்சர். "அந்த நம்பருக்குப் போன் போடுங்க."

பரஞ்சோதி கண்ணை மூடினார். நம்பருக்குப் போன் போடுவது. அதாவது எண்ணுக்குள் இருக்கிற ஆளைத் தேடுவது. அல்லது தனக்குள்ளேயே இருக்கிற...

"அண்ணாச்சி. போன் போடுங்கன்னா போன் போடுங்க."

பரஞ்சோதி கண்ணைத் திறந்து போனை எடுத்தார். பழைய கோடைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

மணி அடித்தது. எடுத்தார்கள். பின்னால் வண்டி உறுமுகிற சத்தம் கேட்டது.

"சார்! பரஞ்சோதி சார்! சொல்லுங்க சார், சொகமா இருக்கியளா?"

பரஞ்சோதி போனைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார்.

"நீங்க யாரு?" என்றார்.

"என்ன சார், இப்பிடிக் கேட்டுட்டிய! மேக்கரை வேன் உச்சிமாகாளி சார். இருங்க, வண்டிய ஓரமா போட்டுக்கிடுதேன்."

உறுமல் நின்றது.

"மறந்துட்டியளா? அன்னைக்கு ஆஸ்பத்திரில மருந்துக் கவுன்டர் மேல கம்ப்யூட்டர வச்சு, நின்ன மேனிக்கே தட்டிக் குடுத்தியளே சார்!"

பரஞ்சோதிக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கவுன்டரின் குளிர்ச்சிதான். சலவைக்கல். அதன்மேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

அதன்பிறகு எல்லாம் வந்தது. அந்தப் பதிவுப் பக்கம் முதன்முதலாகத் திறந்த நாள். ஏதாவது கோளாறு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரை ஆஸ்பத்திரியிலேயே உட்கார வைத்திருந்தார்கள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மலை அடிவாரத்து மேக்கரையிலிருந்து ஒரு வேன் வந்தது. அதில் வந்த நோயாளிகள் யாரிடமும் போன் கிடையாது. இருந்தது டிரைவரின் போன் ஒன்றுதான். முதல் ஆளுக்குப் பதிவானது. அடுத்த ஆளுக்கு, இந்த எண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது என்று பக்கம் கதவைச் சாத்திவிட்டது.

டிரைவர் யார் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒரு பெண் கால் இரண்டும் வீங்கி, சுவரில் சாய்ந்து நின்றாள். மூச்சு வாங்கியது. அதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இவர்கள் இன்றைக்குப் படுக்கையில் படுக்கட்டும், ஒழுங்கான வழியை நாளைக்கு யோசித்துக்கொள்ளலாம் என்று லேப்டாப்பைத் திறந்து அந்த ஒரு வரியை எழுதினார்.

மறுநாள் வேறு வேலை வந்துவிட்டது.

"அந்தக் கூமுட்ட கெடச்சிட்டானா அண்ணாச்சி?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

பரஞ்சோதி கையைக் காட்டி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார். குருவை அடக்குகிறோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"மாகாளி, அன்னைக்கு ஒரு அக்கா கால் வீங்கி, செவுத்துல சாஞ்சுக்கிட்டு..."

"சம்முகத்தாயக்காவச் சொல்லுதியளா?"

"பேரு தெரியாது. அவுக..." கேட்கப் பயமாக இருந்தது. "அவுக இருக்காகளா?"

"இருக்காகளாவா? இந்தா, பின் சீட்டுல உக்காந்து என்னைய ஏசிக்கிட்டு வாராக. பாட்டு போடலியாம். ஏக்கா, சார் விசாரிக்காக!"

தூரத்தில் ஒரு பெண் குரல் எதையோ சொன்னது. நன்றாக உரத்த குரல். என்ன சொன்னது என்று விளங்கவில்லை. ஆனால் ஏசுகிற குரல்தான், சந்தேகமில்லை.

பரஞ்சோதி சிரித்துவிட்டார். சிரித்த கையோடு கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு.

"வேன் ரெண்டு மாத்தியாச்சு சார்," என்றார் உச்சிமாகாளி. "நீங்க போட்டுக் குடுத்தது மட்டும் மாறவே இல்ல. இன்னைக்குக் காலையிலகூட எல்லாருக்கும் அதுலதான் பதிஞ்சேன்."

சட்டென்று குரல் தாழ்ந்தது.

"ஏன் சார், திடீர்னு கூப்பிடுதிய? அத எதுவும் எடுக்கப் போறியளோ?"

"இல்ல," என்றார் பரஞ்சோதி. "எடுக்கல. நீங்க பாட்டப் போட்டுக்கிட்டு வண்டிய எடுங்க."

*

பரஞ்சோதி போனை வைத்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

"நம்பரு யாரோடதுன்னு தெரியாது. எழுதுனது யாருன்னு தெரியும்."

"எப்பிடி?"

"நாளைக்கு எடுத்துரணும்னு எழுதி வச்சிட்டு எடுக்காம விடுதது நம்ம ஆபீஸ்ல நீங்க ஒருத்தருதான். இன்னும் நெறைய கெடக்கு. காட்டவா?"

"வேண்டாம் டீச்சர்," என்று பரஞ்சோதி எழுந்து தன் இடத்துக்குப் போனார்.

புதிய கோடைத் திறந்தார். எடுத்த வரியை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

தம்பி உடனே கேட்டது. தம்பி எப்போதும் புதுமாப்பிள்ளை மாமனார் வீட்டில் பேசுவது மாதிரிதான் பேசும்.

'இந்த வரி தற்காலிகமானது என்று எழுதியவரே குறிப்பிட்டிருந்ததால் நீக்கியிருந்தேன். மீண்டும் சேர்ப்பதற்கு ஏதேனும் காரணம் உண்டா?'

பரஞ்சோதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உண்டாவா? கால் வீங்கி நின்றவளைக் கேளு. மழையில் வந்து நின்ற வேனைக் கேளு. தட்டப் போனவர் நிறுத்தினார்.

ஆனால் தம்பியிடம் இதையெல்லாம் யார் சொன்னார்கள்? அவர்தான் சொல்லவில்லை. ஒரு போன் நம்பரை எழுதினார், இன்னைக்கு மட்டும் என்று எழுதினார், போய்விட்டார். அவர் எழுதியதை அவரே படித்து அவருக்கே விளங்கவில்லை. தம்பியைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது.

எழுத ஆரம்பித்தார். கோட் இல்லை. தமிழ்தான். மேக்கரை எங்கே இருக்கிறது, வேன் எப்படி வருகிறது, அதில் வருகிறவர்களிடம் ஏன் போன் இல்லை, அந்தச் சட்டம் யாருக்காகப் போட்டது, அது யாரை மறித்தது. சண்முகத்தாய் பெயரை எழுதினார். பாட்டு விஷயத்தையும் எழுதினார். அது அவசியமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

எழுதி முடித்த பிறகுதான் கவனித்தார், காலையிலிருந்து கூடவே இருந்த பயத்தைக் காணோம்.

தம்பி பதில் சொன்னது.

'விளங்குகிறது. சொன்னதற்கு நன்றி. இந்த ஒரு எண்ணை எழுதி வைப்பதைவிட நல்ல வழி செய்யலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். உச்சிமாகாளியைப் போல மற்றவர்களுக்காகப் பதிவு செய்கிறவர்கள் அங்கே வேறு யாராவது இருக்கிறார்களா?'

பரஞ்சோதி பதில் தட்டுவதற்காகக் கையை வைத்தார்.

கையை எடுத்துவிட்டார்.

தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதே இல்லை. அன்றைக்கு அவர் கவுன்டர் பக்கத்தில் நின்றதால் உச்சிமாகாளிக்கு வழி கிடைத்தது. அவர் நிற்காத நாளில் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? போன் இல்லாத இன்னோர் ஊர், இன்னொரு வண்டி, சுவரில் சாய்ந்து நின்ற இன்னோர் ஆள். அவர்களுக்காக எந்த வரியும் எழுதி வைத்திருக்கவில்லை.

பரஞ்சோதி எழுந்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார். செருப்பைத் தேடினார்.

"என்ன அண்ணாச்சி, கெளம்பியாச்சா?" என்றார் டீச்சர்.

"ஆமா டீச்சர்."

"ராசபாளையத்துக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு. தம்பி ஒண்ணு கேட்டுட்டான். எனக்குப் பதில் தெரியல."

"மச்சினன் காத்துக்கிட்டு இருப்பாரே?"

"அவன் கெடக்கான்."

டீச்சர் மறுபடியும் திரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். வெளியே சாரல் இன்னும் விடவில்லை. மாடிப்படியில் ஈரம் ஏறியிருந்தது.

"குடை கொண்டாந்தியளா அண்ணாச்சி?"

இந்தத் தடவை பரஞ்சோதி யோசிக்கவில்லை.

"நனஞ்சா காஞ்சிரும் டீச்சர்," என்று படியிறங்கிவிட்டார்.